ஒரு பல்லின நாடு

எங்கள் அரசியல் வகுப்பில் மலேசியா என்ற நாடு கிடையாது. பெல்ஜியம் உண்டு, லெபனான் உண்டு, தென்னாப்பிரிக்கா உண்டு. சொந்த நாட்டைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால் "ஒரு பல்லின நாடு" என்போம். விரிவுரையாளரும் அப்படித்தான் சொல்வார். எந்த நாடு என்று யாரும் கேட்டதில்லை. இப்படிப் பேசும்படி எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. முதலாமாண்டு முடிவதற்குள் தானாகப் பழகிவிட்டது.

அன்றைக்கு லெபனான். எந்தச் சமூகத்துக்கு நாடாளுமன்றத்தில் எத்தனை நாற்காலி என்று அங்கே பங்கு பிரித்திருப்பதை ஒருவன் திரையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தான். பாவம் அந்த மக்கள் என்கிற தோரணையில் வகுப்பே தலையாட்டியது. எனக்கு எரிச்சல் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான். "எதற்கு லெபனான் வரை போக வேண்டும்? நம் நாட்டில் நான் சட்டம் படிக்க விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. என்னைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்தவர்களுக்குக் கிடைத்தது. ஏன் என்று இந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்" என்று மலாயில் சொல்லிவிட்டேன். மலாய்க்காரர்களுக்கான ஒதுக்கீடு, இங்கே யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம்.

 விரிவுரையாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "நல்ல கருத்து, பிறகு பார்ப்போம்" என்று அடுத்த படத்துக்குத் தாவினார். அப்போதுதான் கவனித்தேன். எதிர் வரிசையில் இருந்த மலாய்ப் பெண்ணின் கைப்பேசி மேசைமேல் கிடந்தது. அதில் பதிவாவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி. நான் பார்ப்பதைக் கண்டதும் அவள் அதைக் குப்புறக் கவிழ்த்தாள்.

வகுப்பு முடிந்து, வீட்டுக்குப் போக ஆயர் ஈத்தாம் பேருந்தில் ஏறினேன். நான் படிப்பது உபகாரச் சம்பளத்தில். நடத்தை சரியில்லை என்று யாராவது மேலே சொன்னால் போதும், அது நின்றுவிடும். அது நின்றால் படிப்பும் நின்றுவிடும். அரை நிமிடப் பேச்சை வெட்டி எடுத்து இணையத்தில் போட்டு, ஊரே ஒருத்தியைக் காறித் துப்புவதை நானும் பார்த்திருக்கிறேன். இப்போது அது என் முகமாக, என் குரலாக இருக்கப் போகிறது.  பேருந்தில் யாருடைய கைப்பேசியிலிருந்து சத்தம் வந்தாலும் என் பேச்சைத்தான் கேட்கிறார்கள் என்று தோன்றியது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்போதுதான் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தார், சீருடைகூட மாற்றவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய், அடுக்குமாடியின் பொது நடைபாதையைப் பார்த்திருக்கும் சன்னலைச் சாத்தினார்.

"உனக்கு ஏன்லா இந்த வேல? ஒன்னய யாரும் கேட்டாங்களா?"

"பாடமே அதுதாம்மா."

"பாடம்னா எழுது. பேசாத. அந்தப் பிள்ளகிட்ட போயி சாரி சொல்லி அழிக்கச் சொல்லு. அப்பாவுக்குத் தெரிய வேணாம், மனுசன் தூங்க மாட்டாரு."

எதற்கு சாரி என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பயம் வந்தால் என் வாய்கூட அடங்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வகுப்புக்குப் போனேன், யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாரி சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் அவளே கேன்டீனில் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், பிரிக்கவில்லை. தாசேக் கெலுகோர் என்ற ஊர்க்காரி, அப்பாவுக்குச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் வேலை என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அவள் என் எதிரி.

"புகார் கொடுத்துவிட்டாயா?" என்று மலாயில் கேட்டாள்.

"என்ன புகார்?"

"நான் பதிவு செய்ததைத்தான். அனுமதி வாங்கவில்லை. சார் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுகிறார், எனக்குப் பாதி புரிவதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பக் கேட்பேன். அதை நீ பார்த்துவிட்டாய். நானும் உபகாரச் சம்பளத்தில்தான் படிக்கிறேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு வாரமாக அவள் என்னை நினைத்துத் தூங்கவில்லை, நான் அவளை நினைத்துத் தூங்கவில்லை. சிரிப்பு வந்திருக்க வேண்டும். இருவருக்கும் வரவில்லை.

"நான் பேசியது இன்னும் அதில் இருக்கிறதா?"

"அன்றைக்கே அழித்துவிட்டேன். என் கைப்பேசியில் அது இருந்தால் என்னையும்தானே பிடிப்பார்கள்?"

போன உயிர் திரும்பி வந்தது. அதோடு எழுந்து போயிருக்கலாம். இந்த வாய் விடுமா? "நான் சொன்னது தப்பா?" என்று கேட்டேன்.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து மேசையையும் பார்த்தாள். அவள் பார்க்கிறாளே என்று நானும் பார்த்தேன்.

"அந்தப் பல்லின நாட்டைப் பற்றியா கேட்கிறாய்?"

"ஆமாம், அந்த நாடுதான்."

"அங்கே அப்படி நடக்கிறதென்றால், அது நியாயமில்லை" என்றாள் மெதுவாக. "எங்கள் வீட்டில் இதைச் சொல்ல முடியாது."

பிறகு பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம்.

அன்று மாலை நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டுவிட்டார்.

"அழிச்சிட்டாளா?"

"அன்னைக்கே அழிச்சிட்டாளாம்."

"முருகா" என்று பெருமூச்சு விட்டு, ஒரு வாரமாக மூடிக் கிடந்த சன்னலை அம்மா திறந்துவிட்டார். காற்று வந்தது. எதிர்வீட்டு அக்கா பாத்திரம் துலக்கும் சத்தமும் வந்தது.

"அவ இன்னொன்னும் சொன்னாம்மா" என்று ஆரம்பித்தேன்.

மீதியைச் சொல்வதற்கு முன், நானே எழுந்து போய் அந்தச் சன்னலைச் சாத்தினேன்.