அப்பா ஊற்றித் தந்தது

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில், படிப்பை நிறுத்திய இளைஞர்களுக்கு ஞாயிறு மாலைகளில் வாழ்க்கைத்திறன் வகுப்பு எடுத்துவந்தேன். நண்பர்கள் குடிக்கக் கூப்பிட்டால் எப்படி மறுப்பது என்று ஒருநாள் நடித்துக் காட்டச் சொன்னேன். மீன்பிடிக்கப் போகும் ஒருவன் எழுந்து, "எனக்கு வேண்டாம் மக்கா, நீ குடி" என்று சிரித்த முகத்தோடு சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள்.

சில வாரம் கழித்து அவனே குடித்துவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கூட்டுக்காரனுவகிட்ட வேண்டாம்ணு சொல்லியாச்சு டீச்சர். எனக்க அப்பாதான் ஊத்தித் தாராரு. குடிக்கல்லேண்ணா அம்மய அடிப்பாரு."

அவன் வீடு எங்கே என்று கேட்டுவைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருட்ட ஒண்ணும் கேட்டிராதீங்க டீச்சர். நீங்க போயிருவீங்க, நாங்கல்லா இங்க கெடக்கணும்."

குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு என்று தொடங்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே உள்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வந்தவர்களுக்குக் கோபத்தை அடக்கும் வழிகளைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் வீடுகளில் என்ன நடக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.