இரண்டு சீட்டு விமானமும் ஒன்றரை ஆளும்

எங்கள் மொராவியப் பக்கத்தில் லேத் வேலை பார்த்தவன் ஓய்வு பெற்றால் ஒன்று தேனீ வளர்ப்பான், இல்லை விமானம் கட்டுவான். எனக்குத் தேனீ என்றால் பயம். அதனால் ராதிம் விகிடல் ஆகிய நான் விமானம் கட்டினேன். கராஜ் அதற்கே சரியாக இருந்ததால் கார் வெளியே நின்று மழையில் நனைந்தது.

இருவர் அருகருகே உட்காரும் அல்ட்ராலைட், அதாவது எடை குறைந்த குட்டி விமானம். முதன்முதலாக ஏற்றிக்கொண்டு போவது என் மனைவி ஹெட்விகாவைத்தான் என்று கல்யாண நாள் விருந்தில் எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்துவிட்டேன். அவளும் அதை நம்பி, சிவப்புத் துணியில் சீட் உறை தைக்க ஆரம்பித்தாள்.

இந்த வகை விமானத்துக்கு எமன் எடைதான். ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து நானூற்றைம்பது கிலோவைத் தாண்டக் கூடாது. கைப்பிடிகளில் துளை போட்டேன். ஒரு பூச்சுப் பெயிண்டோடு நிறுத்தினேன். ஹெட்விகாவின் சீட்டிலிருந்த பஞ்சைக்கூடப் பாதி பிடுங்கினேன்.

“பஞ்சு இல்லாம இது என்ன சீட்டு? பலகை!”

“மேல போனா அதெல்லாம் தெரியாது.”

“உனக்குத் தெரியாது. உனக்குத்தான் சொந்தப் பஞ்சு இருக்கே!”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் எந்த நல்ல காரியத்தையும் பிளம் சாராயம் ஊற்றாமல் விடுவதில்லை. ஒரு போல்ட்டை இளைக்க வைத்தால் ஒரு கிளாஸ். வெறும் வயிற்றில் குடிக்கலாமா? பன்றிக்கொழுப்பும் ரொட்டியும் வரும். பக்கத்து கராஜ்காரர்கள் பாராட்ட வருவார்கள், இன்னொரு கிளாஸ். விமானம் கிராம் கிராமாக இளைத்தது. அதெல்லாம் என்மேல் வந்து சேர்ந்ததைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

எங்கள் விமான கிளப்பின் பரிசோதகர் க்விடோ, என் பழைய சிநேகிதன், ஈர்க்குச்சி உடம்புக்காரன். அவனே சோதனை ஓட்டங்களை முடித்துவிட்டு, அருமையான விமானம் என்றான். நான் பெருமையில் இன்னும் கொஞ்சம் உப்பினேன்.

ஹெட்விகாவை ஏற்றவேண்டிய ஞாயிற்றுக்கிழமை, புல் ஓடுதளத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. க்விடோ ஒரு எடை மெஷினை என் காலடியில் வைத்தான்.

“ஏறு.”

“நானா? விமானத்தைத்தான் ஏற்கெனவே எடை போட்டாச்சே?”

“அது மட்டும் தனியாவா பறக்கப் போவுது? ஏறுடா!”

ஏறினேன். ஹெட்விகாவும் ஏறி இறங்கினாள். க்விடோ கணக்குப் போட்டு விசிலடித்தான். “ரெண்டு பேரும் போலாம். ஆனா பெட்ரோல் போடக் கூடாது.”

“இன்னும் எதையாவது கழட்டட்டுமா?” என்றேன் கெஞ்சலாக.

ஹெட்விகா குறுக்கிட்டாள். “ப்ளேன்ல இனிமே கழட்ட ஒண்ணுமில்ல. மிச்சம் நீதான்.”

கூட்டம் சிரித்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பறப்பதற்காகத்தானே இத்தனை வருடப் பாடு!

“இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று க்விடோ மெல்லக் கேட்டான். நீ இல்லாமல் ஏறமாட்டேன் என்று ஹெட்விகா சொல்வாள், நான் பெருந்தன்மையாக வற்புறுத்தலாம் என்று வசனம் தயார் செய்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் பெல்ட்டே போட்டுவிட்டாள்.

விமானம் என்னை விட்டுவிட்டு அழகாக எழும்பியது. வட்டமடித்த நேரமெல்லாம் நான் பைத்தியக்காரன் மாதிரி கையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

இறங்கியதும் ஓடினேன். “என்ன பார்த்தே? நம்ம வீடு தெரிஞ்சுதா?”

“வீடு எதுன்னே தெரியல. ஜனங்களும் புள்ளி புள்ளியா இருந்தாங்க. நீ மட்டும் நல்லாத் தெரிஞ்சே.”

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“நெசமாத்தான் சொல்றேன் ராதிம். கையை ஆட்டிக்கிட்டே இருந்தியே. வேற எதையும் பார்க்கத் தோணல.”