கொடியேற்ற நாளில் ஒரு விசா

1998 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. கலிபோர்னியாவில் பிளசன்டன் என்ற ஊரில் என் தங்கை மல்லிகா வீட்டில் தங்கியிருந்தேன். அங்கிருந்து நாற்பது மைலில் சான்பிரான்சிஸ்கோ. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் காலை பத்து மணிக்குக் கொடியேற்றம். பாலம், கடல், மால் எல்லாம் பார்த்தாயிற்று. அந்நிய மண்ணில் நம் கொடி எப்படிப் பறக்கிறது என்று பார்க்காமல் மதுரைக்குத் திரும்ப மாட்டேன் என்று ஒரு வாரமாக மல்லிகாவை நச்சரித்து வைத்திருந்தேன்.

காலை எட்டரை மணி. பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுச் செந்தில். கோபிசெட்டிபாளையத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கையில் ஒரு பெட்டி, முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, அப்பா போயிட்டாருங்க. ரெண்டு மணிக்கு ஃபிளைட். ஏர்போர்ட்ல டிராப் பண்ணிடறீங்களா?"

விடியற்காலையில் ஊரிலிருந்து மாமா போன் செய்திருக்கிறார். மனைவியும் குழந்தைகளும் நியூஜெர்சியில். இவர்தான் மூத்த மகன். ஐஸ் வைத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் தாங்காது என்று மாமா சொல்லிவிட்டாராம்.

மல்லிகா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். திடீரென்று, "செந்தில், நீங்க சிட்டிசன் ஆயிட்டீங்கல்ல? விசா எடுத்தாச்சா?" என்றாள்.

"எனக்கு எதுக்குங்க விசா? நான் எங்க ஊருக்குத்தானே போறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்து வாங்கிய புது அமெரிக்கப் பாஸ்போர்ட். மனுஷன் டிக்கெட் வாங்கிவிட்டார், வேட்டியை மடித்து வைத்துவிட்டார், விசா என்ற நினைப்பே வரவில்லை. நமக்கு மட்டும்தான் இப்படி மறக்கும். ஏர்போர்ட்டுக்குப் போவதற்கு முன் தூதரகம் போயாக வேண்டும் என்று மூவரும் கிளம்பினோம்.

580 ஃப்ரீவேயில் மல்லிகா பறந்தாள். இருபுறமும் காய்ந்த புல்மேடுகள், எங்கள் திருமங்கலம் பக்கம் கோடையில் இருக்குமே, அந்த நிறம். பே பிரிட்ஜில் சுங்கம் இரண்டு டாலர். பாலத்தின் மேல் ஒரே பனி.

ஒன்பதே முக்காலுக்குத் தூதரகம். வாசலில் நின்றவர், "இன்றைக்கு விடுமுறை. விசா திங்கட்கிழமை. கொடியேற்றத்துக்கு வாருங்கள்" என்று சிரித்த முகமாக வரவேற்றார்.

"இந்த கேட்டுக்குள்ள வந்துட்டா இந்தியான்னு சொல்லுவாங்கக்கா" என்று மல்லிகா முணுமுணுத்தாள். நன்றாக இருக்கிறது! இந்தியாவுக்குள் வந்தாயிற்று, இந்தியாவுக்குப் போகத்தான் வழியில்லை.

பழைய கட்டடம். சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள். எண்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் பத்திரிகை அச்சடித்து, வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த பஞ்சாபிகளாம். போராடுவதற்காக ஊர் திரும்பியவர்களைக் கப்பலை விட்டு இறங்கும்போதே பிடித்திருக்கிறார்கள். வேறு நாளாயிருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியிருப்பதைப் படித்திருப்பேன்.

கொடி ஏறியது. எல்லோரும் தேசிய கீதம் பாடினார்கள். செந்திலும் பாடினார், நேராக நின்று, கண்ணிலிருந்து தாரை தாரையாக. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அதைத் தேசபக்தி என்று நினைத்துத் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்து குடியரசுத் தலைவரின் உரை. வெளிநாடுகளில் உள்ள நம் தூதரகங்களில் அதை முழுதும் வாசிப்பது வழக்கமாம். வாசித்தார்கள், வாசித்தார்கள், வாசித்துக்கொண்டே இருந்தார்கள். உரையின் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. ஆனால் சுவர்க் கடிகாரத்தைப் பிடுங்கிக் கீழே போடலாம் போல இருந்தது.

முடிந்ததும் சமோசா, லட்டு. எல்லோரும் கொடியேற்றிய அதிகாரியோடு நின்று படம் எடுத்துக்கொள்ள முண்டியடித்தார்கள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். என் ஓட்டை ஆங்கிலத்தில், "இவருடைய அப்பா இறந்துவிட்டார். இவர் போக வேண்டும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

வடக்கத்தி மனிதர். எங்களை மாடிக்கு அழைத்துப் போய்ப் பூட்டிய அறையைத் திறந்தார். "ஆஸ்பத்திரிச் சான்றிதழ் ஏதாவது ஃபாக்ஸில் வருமா?" ஊரில் அப்போது இரவு பதினொன்றரை. ஃபாக்ஸ் கடை எங்கே திறந்திருக்கும்?

கொஞ்சம் யோசித்துவிட்டு, செந்திலிடம் வீட்டு எண்ணைக் கேட்டு அவரே போன் போட்டார். யாரோ எடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது: கோபியில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் போனை வைத்தார்.

விண்ணப்பத்தை அதிகாரியே நிரப்பினார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் பெயர்?"

"பழனிச்சாமி."

"என்ன உறவு?"

"அப்பா."

பேனா நின்றது. மல்லிகா என் கையை இறுகப் பிடித்தாள். தான் என்ன சொன்னோம் என்று செந்திலுக்குத் தெரியவேயில்லை. அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார், குனிந்தார், அந்தப் பெயரையே எழுதினார். முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். முறைப்படி அது சரியா, தப்பா, எனக்குத் தெரியாது. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

செந்திலை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டோம். திங்கட்கிழமை விடியற்காலை, ஊரில் அப்போது மாலை, போன் வந்தது. செந்தில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாராம், அவர் கையாலேயே கொள்ளி வைத்தாராம். எனக்கு மூச்சு வந்தது.

காபி கலந்துகொண்டே மல்லிகா சொன்னாள்: "அக்கா, அடுத்த மாசம் எனக்கும் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ."

"போகப் போறியா?"

"போகணும்க்கா. பிள்ளைங்க இங்கதானே."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பிள்ளைகள் இங்கேதான், அதில் பொய்யில்லை. "சரி, போ. நாளைக்கு நீ விசா கேக்கும்போது, அங்க யாரைத் தெரியும்னு கேட்டா என் பேரைச் சொல்லு" என்றேன்.

"உன்னை விட்டா எனக்கு அங்க யாருக்கா இருக்கா?" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்கு அறுபது வயது. என் உடம்பு நன்றாக இருக்க வேண்டுமே என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன்.