பேய் முகமூடி

நேற்று ஸ்காபரோ கடையொன்றில் வறுத்த சோயா விதைப் பைக்கற்றைக் கண்டேன். அதோடு காகிதத்தில் ஒரு பேய் முகமூடி.

தொண்ணூறுகளில் இதே பைக்கற்றைப் பள்ளியிலிருந்து மல்வேர்ன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குளிர்காலம் முடியும்போது ஜப்பானில் விதை எறிந்து பேயைக் கலைப்பார்களாம். பிறகு வயது எத்தனையோ அத்தனை விதை சாப்பிடுவார்களாம். அநேகமான வீடுகளில் முகமூடி போடும் பேய் அப்பாதான் என்று ரீச்சர் சொல்லியிருந்தா.

"நான் ஏன் பேய்? உவன் போடட்டும்," என்றார் எங்கள் அப்பா.

உவன் என்றது கீழே பேஸ்மென்ரில் இருந்த மாமாவை. அம்மாவின் தம்பி, அகதிக் கேஸ் முடியாதவர், அப்பாவை எதிர்த்துப் பேசமாட்டார். நாங்கள் எறிய, சிரித்தபடி வெறுங்காலோடு பனிக்குள் ஓடினார். அப்பா கதவைப் பூட்டி, கதவோடு கதிரையைப் போட்டு இருந்து, தன் நாற்பத்தொரு விதையையும் ஆறுதலாகச் சப்பி முடித்தார். வெளியே மாமா தட்டிக்கொண்டே நின்றார். அம்மா கெஞ்சினா.

இப்போது அப்பா என் வீட்டு பேஸ்மென்ரில் இருக்கிறார். பல் இல்லை, விதை தேவைப்படாது. முகமூடியை மட்டும் முன்னால் வைத்தேன்.

"உது ஆருக்கு, பிள்ளை?"

"உங்களுக்குத்தான் அப்பா. சொக்ஸைக் கழட்டுங்கோ."