எங்கள் வாசலைப் பார்த்த பீரங்கி

"கிறீச்" என்று பல் கூசும் சத்தம் கேட்டால், யாரோ பீரங்கியைத் திருப்புகிறார்கள் என்று அர்த்தம். சித்தூரில் எங்கள் தெருமுனை மேடையில் நின்ற அது, உலகப் போரில் இத்தாலிக்காரர்களிடமிருந்து நம் சிப்பாய்கள் பிடித்துவந்த விமான எதிர்ப்புப் பீரங்கியாம். சுடும் பாகங்களைக் கழற்றிவிட்டிருந்தாலும் பக்கத்துக் கைச்சக்கரம் மட்டும் சுழலும். வானத்தைப் பார்க்கவேண்டிய குழலோ தொய்ந்துபோய் வாசல் உயரத்துக்கு இறங்கியிருந்தது. தெருக்குத்துக்கே பிள்ளையார் வைக்கிற ஜனங்கள் "பீரங்கிக்குத்து" என்றால் சும்மா இருப்பார்களா? தங்கள் வாசலைப் பார்த்தால் அடுத்தவர் வாசலுக்குத் தள்ளிவிடுவார்கள். சத்தம் கேட்டதும் கதவுகள் திறக்கும், ஆளுக்கு ஆள் முறைத்துக்கொள்வார்கள்.

அக்காவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வருகிறார்கள் என்று, முந்தைய நாளே நைனா அதைக் காலிமனைப் பக்கம் திருப்பிவைத்தார். விடிந்ததும் அக்கா தெருவை அடைத்துப் பெரிய கோலம் போட்டாள். சத்தமே கேட்காததால் யாரும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. வந்திறங்கிய மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பார்த்தாள், குழல் எங்கள் வாசலை நேராகக் குறிவைத்திருந்தது.

"இந்த வீட்டுப் பொண்ணு நமக்கு வாணாம்" என்று அப்படியே திரும்பிவிட்டாள்.

நைனா சக்கரத்தைத் தடவினார், விரலில் எண்ணெய். எதிர்வீட்டு முனிரத்தினம் மாமாவுக்கு எண்ணெய்க்கடை. தினமும் நைனாவோடு டீ குடிக்கிறவர். "கூடவே இருந்துகினு குழி பறிச்சிட்டான்!" என்று நைனா கத்தினார். "புள்ளைங்க மேல ஆணையா நான் தொடலப்பா" என்று மாமா கெஞ்சியது எடுபடவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை, எண்ணெயும் வேறு கடையில்தான். மாமா சிரித்தால் நடிக்கிறார் என்றும், சிரிக்காவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு என்றும் நான் வேவு பார்த்தேன்.

போன மாதம், திருப்பதியில் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அக்கா, எனக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "சக்கரத்துக்குப் போட்டது இந்தத் தேங்காய் எண்ணெய்தான்டி. கோலம் போடப் போனப்போ ஊத்தி, நம்ம வாசல் பக்கம் திருப்பிட்டேன். கல்யாணம் வாணாம், படிக்கணும்னு சொன்னா நைனா கேட்டிருப்பாரா?"

அடிப்பாவி!

சாலையை அகலப்படுத்தியபோது பீரங்கியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எண்ணெய்க்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நைனா இறந்த அன்று மாலையோடு வந்த அவரை வாசலிலேயே மறித்து, உள்ளே வரவிடாமல் அனுப்பியவள் நான்தான்.