ரப்பர் படகில் ரோஸிக்கு ஒரு சீட்

எங்கள் மொட்டை மாடிக்கு ஒரு படகு வந்து சேர்ந்து பதினைந்து நாளாகிறது.

சிரிக்காதீர்கள். முகப்பேர் ஹவுசிங் போர்டு ஃப்ளாட். குழாயில் தண்ணீர் வருவதே வாரத்தில் பாதி நாள்தான். இங்கே எதற்குப் படகு? நானும் அதைத்தான் கேட்டேன்.

மரப் படகு இல்லை, காற்றடிக்கிற ரப்பர் படகு. மடித்தால் பயணப் பைக்குள் அடங்கிவிடும். காற்றடித்தால் ஒற்றைக் கட்டில் அளவுக்கு வரும். கப்பலில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, லீவில் வந்தபோது அக்காவுக்காக வாங்கி வந்தது. அந்த அக்காதான் எங்கள் பிளாக்கில் தரைத்தளத்தில் இருக்கும் ரோஸி. ரோஸியின் கணவர் செல்வராஜ், திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர்.

ரோஸிக்கு வலது முட்டி மடங்காது. சின்ன வயதில் பஸ்ஸிலிருந்து விழுந்ததில் வந்த வினை. தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அப்படித் தூக்கிவிடுவது அவருக்குக் கட்டோடு பிடிக்காது. அதனால் எங்கே போனாலும் கொஞ்சம் உயரமாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

சும்மா உட்கார்ந்திருப்பவரை நாம் விடுவோமா? ‘ரோஸி, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோயேன்...’

போன வருஷம் காலனியே திரண்டு பீச்சுக்குப் போனது. எல்லோரும் அலையில் கூத்தடித்தோம். ரோஸி மட்டும் சிமென்ட் பெஞ்சில், எங்கள் பைகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவில். என் கைக்கடிகாரம்கூட அவர் மடியில்தான் இருந்தது. அன்று எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

சரி, படகுக்கு வருவோம். தம்பி ஆசையாக வாங்கி வந்த படகில் ஒரே ஒரு குறை... அதில் சீட் இல்லை. காலை நீட்டித் தரையோடு தரையாகத்தான் உட்கார வேண்டும். தம்பிக்கு அது தோன்றவில்லை. ரோஸியும் சொல்லவில்லை. “ரொம்ப அழகா கீதுடா” என்று சொல்லி அவனைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு, படகை மடித்துப் பரண்மேல் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

செல்வராஜ் வைக்கவில்லை. மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“சீட்டுதானே சார்? போட்டுட்டா போச்சு.”

மூன்றாம் நாள் கம்பெனிக் கழிவு இரும்பில் ஒரு ஃபிரேம் செய்து கொண்டுவந்தார். நான்கு மூலையிலும் போல்ட்டுக்கு நான்கு துளை. அத்தனை சுத்தமான வேலை! படகின்மேல் வைத்தார், பென்சிலால் குறி போட்டார், கைத் துளைக்கருவியை எடுத்தார்... அப்படியே நின்றுவிட்டார்.

“சார்... படகுல ஓட்டை போடக் கூடாதுல்ல?”

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பு நின்றது. “இருபது வருஷமா ஓட்டை போட்டுத்தான் சார் சம்பளம் வாங்குறேன். ஓட்டை போடாம எதையும் மாட்டுனதே இல்ல.”

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். நானாக இருந்தால் நிச்சயம் விட்டிருப்பேன்.

மறுநாள் என்னிடம் பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிப் போனார். அவற்றை அடுக்கி, மேலே ரோஸியை உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொன்னார். நான்கு பத்திரிகையை உருவிவிட்டு மறுபடி உட்காரச் சொன்னார். இப்படியே உருவி உருவி, ஓர் இடத்தில் ரோஸி, “இதுக்குக் கீழ போனா என்னால எந்திரிக்க முடியாதுங்க” என்றார். அந்த உயரத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டார் செல்வராஜ்.

எல்லாம் நான் எழுதும் பத்தி வெளிவந்த இதழ்கள். என் எழுத்து ஒருவரைத் தாங்கியது அன்றுதான்.

ஆனால் பிரச்சினை லேசானதில்லை. சீட் உயர்ந்தால் படகு ஆடும். தாழ்ந்தால் ரோஸியால் எழ முடியாது. நடுவில் இருப்பது நான்கு விரல் இடைவெளி. அந்த நான்கு விரலுக்குள் ஒரு பலகை நிற்க வேண்டும் — ஒரு துளைகூட இல்லாமல்!

வழி கிடைத்தது குமணன்சாவடியில், ஒரு பஞ்சர் கடையில். பஸ்ஸுக்கு நிற்கும்போது, கடைக்காரர் டியூபுக்கு ஒட்டுப் போடுவதைச் செல்வராஜ் பார்த்திருக்கிறார். அங்கேயே ஒரு பழைய லாரி டியூபைக் கேட்டு வாங்கி வந்தார். அதைப் பட்டை பட்டையாக வெட்டி, படகின் பக்கவாட்டில் வளையம் வளையமாக ஒட்டுவது. வளையத்துக்குள் நாடாவை விட்டு, அதில் பலகையை ஊஞ்சல் மாதிரி தாழத் தொங்கவிடுவது. பலகை முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, அதற்கும் ரப்பர் சுற்றினார்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவியதும் நான் பட்டையை அமுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். “அவசரப்படாத சார். ஈரத்துல ஒட்டுனா ஒட்டாது. காஞ்சாத்தான் ஒட்டும்.” ஒவ்வொரு வளையத்துக்கும் விரலால் தொட்டுப் பார்த்துக் காத்திருந்தார், உச்சி வெயிலில், தலையில் ஒரு துண்டோடு. பொறுமை என்று நாம் சொல்வதெல்லாம் வேறு வழியில்லாமல் சும்மா இருப்பதைத்தான். இவர் பொறுமை வேலை செய்கிற பொறுமை.

நான்கு மணிக்கு சீட் தயார். என்னை உட்காரச் சொன்னார். ரோஸியைவிட நான் ஒன்றரை மடங்கு. பலகை அசையவில்லை.

ஆறரை மணிக்கு ரோஸியைக் கைப்பிடித்து மாடி ஏற்றி அழைத்து வந்தார். படகைப் பார்த்ததும் எங்களுக்கு முகம் தொங்கிப்போனது. படகு தொளதொளவென்று கிடந்தது. பலகை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“பஞ்சர்தான். சந்தேகமே இல்லை” என்றேன் நான். நமக்குத்தான் எல்லாம் தெரியுமே! சோப்பு நுரையைத் தடவினோம். குமிழி வருகிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். வால்வில் எச்சில் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. செல்வராஜ் வளையங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அவற்றில் எதுவோ படகைக் கெடுத்துவிட்டது என்று நினைத்துவிட்டார் மனிதர்.

ரோஸி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எப்பங்க காத்தடிச்சீங்க?”

“பகல்ல. பன்னெண்டு மணிக்கு.”

“வெயில்லயா? பூரி எண்ணெயிலருந்து எடுக்கும்போது உப்பிகினு இருக்கும். ஆறினதும் அமுங்கிப்பூடும். பூரியில ஓட்டையா போட்டாங்க?”

செல்வராஜ் அவரையே பார்த்தார். பிறகு பம்ப்பை எடுத்தார். சரியாகப் பதினைந்து அடி அடித்தார். பலகை தன் இடத்துக்கு ஏறி நின்றது.

ஃபிட்டருக்கும் எழுத்தாளனுக்கும் எட்டாதது அடுப்படிக்கு எட்டிவிட்டது. நான் சோப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

போன ஞாயிறு, சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும், திருமழிசையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஏரிக்குப் போனோம். மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. கரையோரம் மாடு கழுவிக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் படகைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, மெத்தையை எதுக்கு ஏரில போடுற?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் மாட்டை விட்டுவிட்டு வந்தார். படகில் கட்டிய நீளக் கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, “போய்க்கினே இரு, நான் கீறேன்” என்றார்.

படகு தண்ணீரில் இறங்கியது. ரோஸி குனிந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். “தண்ணி ஜில்லுனு கீது. இன்னும் பத்து அடி அடிங்க.”

அடித்தார்.

ரோஸி செல்வராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். வலது காலை முன்னால் நீட்டினார். படகு ஒருமுறை ஆடி நின்றது. கிளம்புவதற்கு முன், “இருங்க” என்றார். யார் துணையும் இல்லாமல் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

“முடியுதுங்க.”

செல்வராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பைத் தேடினார். துடுப்பு அவர் கையில்தான் இருந்தது.

படகைத் தள்ளப் போகும்போதுதான் ரோஸி கவனித்தார். பழக்க தோஷம், அவர் மறுபடி உட்கார்ந்ததும் நாங்கள் வைத்துவிட்ட டிபன் பை, தண்ணீர் கூஜா, செல்வராஜின் சட்டை, இரண்டு பேர் செருப்பு, எல்லாம் அவர் மடியில்! ஒரு கணம் அவற்றைப் பார்த்தார். பிறகு கரையில் நின்ற என்னிடம் நீட்டினார்.

“அண்ணா... இதையெல்லாம் கொஞ்சம் பாத்துக்கங்க.”

ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டேன். ஒரு செருப்புகூடத் தொலையவில்லை.