கேட்காமல் இறங்கிய குளம்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ் காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டது. எண்பதுகளின் தொடக்கம், தை மாதம். நான் மதுரையில் டெலிபோன் ஆபரேட்டர். கணவர் சபாபதி பொதுப்பணி அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிறவர். பழைய கேமரா ஒன்றை வாங்கியதிலிருந்து அவருக்குப் பறவைகள் மேல் பித்து. பனவடலிசத்திரத்துக்கு முன்னால் ஒரு குளத்தில் நாரைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருப்பதாக யாரோ சொல்ல, முந்தின நாளே சங்கரன்கோவில் வந்து லாட்ஜில் தங்கிவிட்டோம்.

கண்டக்டர் எங்களைக் கிளைப்பாதை பிரியும் விலக்கில் இறக்கிவிட்டபோது மணி ஏழேகால். அங்கிருந்து ஊருக்கு இரண்டு மைல் நடை. விலக்கில் இருந்த ஒரே டீக்கடையில் டீ குடித்துவிட்டு வழி கேட்டோம். கடைக்காரர் சபாபதியின் தோளில் தொங்கிய நீளமான தோல் பையையே பார்த்தார்.

"அண்ணாச்சி, அது துப்பாக்கியா?"

"கேமரா."

"போன மாசம் ஜீப்புல வந்தவிய நாரையைச் சுட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாவ. ஊர்க்காரங்க கொதிச்சுப் போய்க் கிடக்காவ. நேரா குளத்துக்குப் போயிராதிய. ஊருக்குள்ள போயி கேட்டுட்டுப் போங்க."

நான் திரும்பிவிடலாம் என்றேன். சபாபதி சிரித்தார். இருபுறமும் கரிசல் காடு, பருத்திச் செடிகள், ஆள் நடமாட்டமே இல்லை. என் செருப்புச் சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்டது.

எட்டு மணிக்கு ஊர் எல்லையில் நான்கு பேர் எங்களை மறித்தார்கள். எல்லார் கையிலும் கம்பு. ஒருவர் பையை வாங்கித் திறந்தார். லென்ஸைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு பையைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பெயர் சுடலைமுத்து. குளத்து மடையைத் திறந்து மூடுகிற பொறுப்பு அவருடையது.

"பாருங்க, வேண்டாம்னு சொல்லலை. கரையில நின்னு பாக்கணும். கூட எங்க ஆளு ஒருத்தர் வருவாவ. தண்ணியில மட்டும் இறங்கக் கூடாது. சாப்பாடு இங்கனதான் சாப்பிடணும்."

சாப்பாடு ஆளுக்கு ஒன்றரை ரூபாய். ஆடு மேய்க்கும் இசக்கியம்மாள் வீட்டில் ஏற்பாடு. அவளே எங்களைக் கரைக்கு அழைத்துப் போனாள். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்துக்குள்.

குளம் நிறைந்து கிடந்தது. நடுவில் தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்கள் பறவைகளின் எச்சத்தால் வெள்ளையடித்தது போல இருந்தன. ஒவ்வொரு கிளையிலும் மஞ்சள் மூக்கு நாரை, கொக்கு, நீர்க்காகம். அந்த எச்சம் கரைந்த தண்ணீர்தான் தங்கள் வயலுக்கு உரம் என்றாள் இசக்கி. "தீவாளிக்கு நாங்க வெடி போடுதது இல்லக்கா. சத்தம் கேட்டா குஞ்சு கீழ விழுந்துரும்."

ஒன்பதரைக்கு அவள் வீட்டில் கம்பஞ்சோறும் மோரும் சாப்பிட்டோம். சபாபதி அவசரமாக முடித்துவிட்டு, கை கழுவி வருவதாக எழுந்து போனார். நான் இரண்டாவது தடவை மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது குளத்துப் பக்கம் பெரிய இரைச்சல் எழுந்தது. கூரை மேல் நிழல் நிழலாக ஓடியது. இசக்கி சோற்றுச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன்.

எல்லாப் பறவைகளும் வானத்தில் இருந்தன. கீழே, இடுப்பளவுத் தண்ணீரில், கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சபாபதி மரங்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். சுடலைமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் நீளமான மூங்கில் கழிகளோடு கரையிலிருந்து தண்ணீரில் பாய்ந்தார்கள்.

"அங்கனயே நில்லும் வே! அடி எடுத்து வைக்காதீரும்!"

சபாபதி திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை கேமராவைக் கண்ணில் வைத்துப் படம் எடுத்தார். பிறகு இன்னும் வேகமாக உள்ளே போனார்.

"ஏன் ஓடுதாவ?" இசக்கி என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அங்கன பழைய கிணறு கிடக்குக்கா! கோடைத் தண்ணிக்கு வெட்டினது. சுவரு இடிஞ்சு போச்சு. மேல ஒண்ணும் தெரியாது. ஆளு விழுந்தா சகதிக்குள்ள போயிருவாவ. கூப்பிடுங்கக்கா!"

அடிக்க வருகிறார்கள் என்று நினைத்துத்தான் அவர் ஓடுகிறார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. "ஏங்க!" என்று கத்தினேன். பறவைக் கூச்சலில் அது எங்கே கேட்கும்? கல்யாணமாகிப் பத்து வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. தொண்டை கிழிய அலறினேன்.

"சபாபதி! நில்லு!"

நின்றார்.

சுடலைமுத்து பக்கவாட்டில் நீந்திப் போய் அவர் தோளைப் பிடித்தார். அடிக்கவில்லை. கையிலிருந்த கழியை அவருக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில் ஊன்றிக் காட்டினார். இரண்டு ஆள் உயரக் கழி, அது முழுவதும் உள்ளே போயிற்று. சுடலைமுத்துவின் கை தண்ணீர் மட்டத்தைத் தொட்ட பிறகும் தரை தட்டவில்லை.

கரைக்கு வந்ததும் சபாபதி உட்கார்ந்துவிட்டார். அவர் உதடு நீலமாக இருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் அவரைப் பார்க்கவுமில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டில் முட்டையும் குஞ்சும் மூடாமல் கிடந்தன. மூன்று குஞ்சுகள் தண்ணீரில் விழுந்து மிதந்தன.

"பறவை இறங்கலைன்னா?" என்று இசக்கியிடம் கேட்டேன்.

"கூட்டை விட்டுட்டுப் போயிரும். அடுத்த வருசமும் வராது."

கிணற்றைவிட அந்தக் காத்திருப்புதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது. ஒரு ஊரின் உரத்தையும் விளைச்சலையும் கேமராவும் கையுமாக வந்த நாங்கள் கலைத்துவிட்டோம். ஊரே கரையில் கூடி நின்றது. பத்தரை மணிக்கு ஒரு நாரை காலைத் தொங்கவிட்டபடி இறங்கி, சிறகை விரித்துக் கூட்டின் மேல் நிழலாக நின்றது. பின்னால் இன்னொன்று. எல்லாம் அடங்கப் பதினொன்றரை ஆயிற்று.

கிணறு இருக்கும் இடத்தில் கொடிக்கம்பு நட்டுத் தருவதாகச் சபாபதி சொன்னார். சுடலைமுத்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

"கொடி ஆடினா பறவை ஒதுங்கும். எங்க ஆளு ஒருத்தரு கூட வந்தாப் போதும். அதுக்குத்தான சொன்னது."

புறப்படும்போது இசக்கி ஒன்று கேட்டுக்கொண்டாள். "எங்கயாவது எழுதினா ஊரு பேரு போடாதீங்கக்கா. வாரவிய விலக்குல கேட்டு வரட்டும்." அதனால்தான் இங்கே ஊரின் பெயர் இல்லை.

மதுரை வந்து பிலிமைக் கழுவியபோது ஒரே ஒரு படம் தெளிவாக விழுந்திருந்தது. அடித்தால் சாட்சிக்கு இருக்கட்டும் என்று அவர் தண்ணீருக்குள் நின்று எடுத்தது. மூன்று ஆட்கள், ஓங்கிய கழிகள், திறந்த வாய்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அடிக்க வந்தார்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை, காப்பாற்ற வந்தார்கள் என்று ஒவ்வொரு தடவையும் சபாபதிதான் சொல்கிறார்.